மலையின் உயரத்தை எழுதிய அட்டை

கண்ணில் படாததை எண்ணிக் காட்டிச் சம்பளம் வாங்கும் தொழில் எங்களுடையது. விண்வெளியிலிருந்து ஒரு துகள் வந்து காற்றில் மோதும். அது சில துகள்களை உதிர்க்கும், அவை இன்னும் சிலவற்றை உதிர்க்கும். தரைக்கு வரும்போது லட்சக்கணக்கில் மழைபோல் கொட்டும், அதைத்தான் பொழிவு என்போம். ஒரு மோதலில் எத்தனை பிறக்கும், எது எவ்வளவு சக்தியை எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் கம்ப்யூட்டரைச் சீட்டுக் குலுக்கச் சொல்லி, மோதலுக்கு மோதல் முடிவு செய்து, கணக்கிலேயே ஒரு பொழிவை உண்டாக்கிப் பார்ப்போம்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளனாக இருந்துகொண்டு நான் செய்த ஆராய்ச்சி இது. மெஷின் சொல்லிவிட்டது என்பதற்காகப் பக்கத்தில் நிற்கும் மனிதரை நம்பாமல் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

முதல் அட்டை

கம்ப்யூட்டர் இருந்தது மெட்ராஸில். கணக்கை அட்டை அட்டையாகத் துளை போட்டு, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, வாரம் ஒருமுறை பஸ்ஸில் கொண்டுபோவேன். கட்டின் முதல் அட்டையில் ஓர் எண் இருக்கும். சீட்டுக் குலுக்கல் அதிலிருந்துதான் தொடங்கும். நான் நம் மலையின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதினேன். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றார்கள், மலைக்கு ஓர் அடி கூட்டிவிட்டேன். முதல் தடவையே தப்பில்லாமல் ஓடியது. அதன் பிறகு அந்த அட்டையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தீபத்துக்கு முந்தின நாள், மெட்ராஸிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பெட்டி கவிழ்ந்தது. நின்றுகொண்டு வந்த ஜனங்களின் காலடியில் மண்டியிட்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மலை அட்டையைத்தான் முதலில் தேடினேன். கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம் ஒரே மாதிரி அட்டைதானே சார், எது முன்னாடி வந்தா இன்னா?"

முருகேசனின் பெட்டிகள்

நிஜப் பொழிவை அளக்கக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் கருவிப் பெட்டிகள் வைத்திருந்தோம். பார்த்துக்கொண்டவர் முருகேசன். அந்த ஊர்க்காரர், பி.எஸ்ஸி. படித்தவர், என் வயதுதான், ஒப்பந்த வேலை. மியூவான் என்ற துகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும், மற்றவை மேலேயே நின்றுவிடும். அதை மட்டும் எண்ண நாலு பெட்டிகளை மண்ணுக்கடியில் புதைத்திருந்தார். அவர் எண்ணியதும் நான் கணக்கிட்டதும் ஒத்துப்போனால் அவருக்கு வேலை நீடிக்கும், எனக்குப் பட்டம் வரும்.

ஒத்துப்போகவில்லை. அவருடைய மியூவான் எப்போதும் என்னுடையதைவிட ஜாஸ்தி. மேலே மண் போதவில்லை, வேறு துகள்களும் உள்ளே போகின்றன என்று மெட்ராஸிலிருந்து என் புரொபசர் எழுதினார். முருகேசன் மண்வெட்டியை எடுத்தார். மூன்று முறை இன்னும் ஆழமாகத் தோண்டிப் புதைத்தும் எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. கொல்லைக்காரர் குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எத்தினி அடி தோண்டியும் எனக்குத் தண்ணி வர்ல. உங்களுக்கு மட்டும் அடியில ஜாஸ்தியா வருதாமே?"

ஒரே பேச்சு

எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் நேரம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரு வாரம் முப்பத்தெட்டு பொழிவு ஓடும், ஒரு வாரம் நாற்பத்தொன்று. ஆனால் சராசரி மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

புரொபசர் ஊருக்கு வந்தபோது மூவரும் உட்கார்ந்தோம். முருகேசன் தன் நோட்டைப் பிரித்து வைத்து, "கணக்கையும் ஒரு தபா பாத்துடுங்களேன் சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியைத் துடைக்கிறவர் என் கணக்கைப் பற்றிப் பேசுவதா என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். புரொபசர் நோட்டை மூடினார். "கம்ப்யூட்டர் ரெண்டு வருஷமா ஒரே பேச்சுப் பேசறது முருகேசன். உங்க பெட்டிதான் உளர்றது."

மூடிய குழி

அடுத்த மாதம் முருகேசனுக்கு வேலை முடிந்தது என்று கடிதம் வந்தது. எங்கள் கட்டுரையும் அச்சேறியது. அளவைக் கருவி பழுது என்று அதில் ஒரு வரி, அதை எழுதியவன் நான். பெட்டிகளை வெளியே எடுக்கும் நாளன்று போயிருந்தேன். சம்பளம் நின்றுபோன பிறகும் அவரே வந்து தோண்டினார். கடைசிக் குழியை மிதித்து மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தோண்டச் சொன்னப்பெல்லாம் தோண்டினேன், எண்ணினதை நம்பலியே சார்."

வசந்தாவின் கேள்வி

ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பட்டியல் கூடுதலாக வேண்டும் என்று கடைசியாக ஒருமுறை மெட்ராஸ் போனேன். மெஷின் என் முதல் அட்டையை வாங்க மறுத்தது. ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகியிருந்தது. அட்டை துளைக்கும் பிரிவில் இருந்த வசந்தா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுசா அடிச்சுத் தர்றேன் சார். மத்தவங்க ஒவ்வொரு வாட்டியும் நம்பரை மாத்திக் குடுப்பாங்க. நீங்க மட்டும் ஏன் சார் மூணு வருஷமா இதையே ஓட்டறீங்க?"

நாற்பது பொழிவு

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே எண்ணில் தொடங்கினால் மெஷின் ஒரே சீட்டுகளைத்தான் அதே வரிசையில் எடுக்கும். நான் மூன்று வருஷமாக அதே நாற்பது பொழிவைத் திரும்பத் திரும்பப் பெய்ய வைத்து, ஆயிரக்கணக்கில் என்று கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த நாற்பதிலும் மியூவான் கம்மியாக விழுந்தது என் கெட்ட நேரம். என்னுடையது என்றா சொன்னேன்? முருகேசனுடையது.

எண்ணை மாற்றி மாற்றி இரண்டு வாரம் ஓட்டினேன். மியூவான் ஏறியது, ஏறிப் போய் முருகேசனின் நோட்டில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தாளை எடுத்துக்கொண்டு புரொபசரிடம் ஓடினேன். தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவர் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "பட்டத்தை வாங்கிண்டு அப்புறம் பேசலாமே. உண்மை எங்கே ஓடிடப் போறது?"

கடலை மில்

பட்டம் வந்தது, வேலை நிரந்தரமானது. வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். அன்று வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

ஒரு வருஷம் கழித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். முருகேசன் ஒரு கடலை மில்லில் மூட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் தூசி. மலை அட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு லேசாகத் திரும்பலாம் என்று இருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. பெட்டி பழுதுனு அச்சுல போட்டீங்களே, அதைத் திருத்திட்டீங்களா சார்?"

சீட்டுக் குலுக்கும் தொழிலில் நான் கண்ட முடிவு இவ்வளவுதான்: தப்பாக எண்ணியவன் டாக்டரானேன், சரியாக எண்ணியவர் மூட்டை எண்ணப் போனார், அந்த ஒரு வரி இன்றைக்கும் அச்சில் அப்படியே இருக்கிறது.