முழங்கையைப் பற்றி நான் சொன்ன பொய்

மார்ச் மாதம் பிறந்தால் இந்தக் குளிர் நாட்டில் எங்களுக்கு ஒரு காய்ச்சல் தொடங்கும். கார்த் தரிப்பிடங்களின் மூலைகளில் பனி இன்னும் அழுக்குக் குவியலாகக் கிடக்கும். அந்த நேரத்தில் பத்து நடுத்தர வயது ஆண்கள், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிரிக்கெட் ஆடியவர்கள், இப்போது தொப்பை வண்டி வைத்தவர்கள், போனைப் பார்த்தபடி யாரை வைப்பது யாரை விடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்போம்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு கற்பனை பேஸ்போல் அணி. உண்மையான ஆட்டக்காரர்களை எங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் நன்றாக ஆடினால் இங்கே எங்களுக்குப் புள்ளி. பருவம் முடிந்தால் ஒவ்வொருவரும் மூன்று பேரை மட்டும் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கீப்பர் என்று பெயர். மற்ற எல்லாரையும் பொதுவில் விட்டுவிட வேண்டும். பொதுவிலிருந்து முதல் ஆளை எடுக்கும் உரிமை போன வருடம் கடைசியாக வந்தவனுக்கு. கடைசியாக வந்தவன் நான். அதற்கு முந்தைய வருடமும் நான்தான், ஆனால் அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

கடைசியாக வந்தவனிடம்தான் எல்லாரும் ஆலோசனை கேட்டார்கள் என்பது வேடிக்கை. என்னிடம் நிறம் நிறமாகத் தீட்டிய ஓர் அட்டவணை இருந்தது. அதைவிட வாய் இருந்தது. நான் லிஃப்ட் திருத்தும் கொம்பனி ஒன்றில், எந்தக் கட்டடத்துக்கு எந்தத் தொழிலாளியை அனுப்புவது என்று தீர்மானிக்கிறவன். ஆட்களை மதிப்பிடுவது என் தொழில் என்று நானே சொல்லிச் சொல்லி, ஊரும் நம்பி, கடைசியில் நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி நாட்களில் வேகப்பந்து போட்டவர். இப்போது ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறார். மோர்னிங்சைட்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கோப்பிக் கடையில் நாங்கள் இருவரும் சனிக்கிழமைக் காலைகளில் சந்திப்பது வழக்கம். நான் கிழக்கேயுள்ள விட்பியிலிருந்து இறங்கி வருவேன். அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு துண்டுக் கடதாசியை மேசையில் வைத்தார். நாலு பெயர் எழுதியிருந்தது. மூன்று பேரைத்தான் வைக்கலாம்.

"சொல்லு பாப்பம். ஆரை விடுறது?"

பதில் ஒரு குழந்தைக்கும் தெரியும். நாலு பேரில் மூன்றாவது பேஸில் நிற்கும் கிழட்டு ஆட்டக்காரனை விட வேண்டும். ஆனால் அந்தக் கடதாசியில் பந்தெறியும் மெலிந்த இளம் பிச்சர் ஒருவனின் பெயரும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், எவருக்கும் அவனைத் தெரியாத காலத்தில், அண்ணை கடைசிச் சுற்றில் எடுத்த பெடியன். "உவன் தோளால போடுறான், என்னை மாதிரி" என்று சொல்லித்தான் எடுத்தார். இப்போது அவன் பழுத்துத் தொங்கினான். அண்ணை அவனை விட்டால் அவன் பொதுவில் விழுவான். பொதுவில் முதல் கை என்னுடையது.

நான் கோப்பியை ஒரு மிடறு குடித்தேன். டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அண்ணை, உவன்ர முழங்கையைக் கவனிச்சனீங்களோ?"

"ஏன், முழங்கைக்கு என்ன?"

"பந்தை விடேக்க ஒரு சொட்டு முந்தி மடியுது. இந்த வருசம் தாங்காது."

கிரிக்கெட்டில் முழங்கையை மடித்து எறிந்தால் குற்றம். பேஸ்போலில் மடிக்காமல் எறியவே முடியாது. இது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஆனாலும் முழங்கை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு உள்ளே ஏதோ பதறும். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் நான் அந்தச் சொல்லை எடுத்தேன். அண்ணை கடதாசியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனையை எடுத்து அந்தப் பெயரை மெதுவாக, ஒரே கோடாக வெட்டினார்.

"நீ சொல்லாட்டி எனக்கு ஆர் உதெல்லாம் சொல்லுறது" என்றார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒருவரின் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் ஆட்களைப் பங்கு போட்டோம். முதல் ஆளாக நான் அந்தப் பிச்சரின் பெயரைச் சொன்னபோது என் குரல் கீச்சென்று வந்தது. அண்ணை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இரண்டு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். இரண்டும் தேவைப்படவில்லை. அவரே எல்லாருக்கும் சொன்னார்: "பாவமடா உவன். அந்தக் கை தாங்காது எண்டு தெரிஞ்சுகொண்டே எடுக்கிறான். கடைசியா வந்தவன் வேற என்ன செய்யிறது?"

எல்லாரும் எனக்காக இரங்கினார்கள். ஒருவர் முதுகில் தட்டினார். அந்த இடத்தில் நிலம் பிளந்திருந்தால் நான் சந்தோசமாக இறங்கியிருப்பேன். அது பேஸ்மென்ற் என்பதால் இறங்க அதிக தூரமும் இல்லை.

ஏப்ரல் முழுக்க அந்தப் பெடியன் பந்து போட்டான் என்றால், அப்படிப் போட்டான். ஒவ்வொரு வெற்றிக்கும் அண்ணையிடமிருந்து போனில் செய்தி வரும். "உன்ர பெடியன் இண்டைக்கும் நல்லாப் போட்டான். சந்தோசம்." அந்தச் சந்தோசத்தில் ஒரு துளி எரிச்சல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். இல்லை. என் சொந்த ஆட்டக்காரன் அடி வாங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட உலகத்தின் ஒரே முதலாளி நானாகத்தான் இருப்பேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் ஒருநாள் நின்றும் பார்த்தேன். சுவாமியாருக்கு முதலில் பேஸ்போல், பிறகு கீப்பர், பிறகு முதல் கை எல்லாவற்றையும் விளங்கப்படுத்த வேண்டும். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். பொய் சொன்னேன் சுவாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எவருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே மாதம் அது நடந்தது. நாலாவது இனிங்ஸில் பெடியன் ஒரு பந்தை விட்டான், உடனே முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் செய்தி வந்தது: ஆபரேஷன். இந்த வருடம் இனி இல்லை.

நான் சோபாவில் எழும்பி நின்று "நான் சும்மாதானே சொன்னனான்!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆரோட கதைக்கிறியள்?"

அன்றிலிருந்து நான் தீர்க்கதரிசியானேன். அண்ணை எங்கள் போன் குழுவில் எழுதினார்: "மார்ச்சிலயே சொன்னவன். உவன்ர கண் கண்தான்." சனிக்கிழமை ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ தடுத்திராட்டி நான் அவனை வச்சிருந்து அழுதிருப்பன்." நான் ஆறு ரோல்ஸ் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். மற்றவர்கள் தங்கள் ஆட்டக்காரர்களின் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் தன் மகனின் கராத்தே உதையை அனுப்பி, இடுப்பு சரியோ என்று கேட்டார். எல்லாவற்றையும் பகிடியாக்கித் தப்பினேன்.

ஜூனில் தப்ப முடியவில்லை. கோப்பி குடித்து முடிந்ததும் அண்ணை என்னைக் கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கார்களுக்கு நடுவே நாலு அடி ஓடி, இல்லாத ஒரு பந்தை எறியக் கையைத் தூக்கினார். கை காது மட்டத்தில் நின்றுவிட்டது. முகம் சுருங்கியது.

"பார். எங்க பிடிக்குது?"

"நோ போல் அண்ணை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வருசத்துக்கு மேல காத்திருந்து இப்பத்தான் ஸ்பெசலிஸ்ட் ஆபரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார். செய்தா நல்லதாம். ஆனா மாசக்கணக்கில வேலைக்குப் போகேலாது. பயமாக் கிடக்குதடா. நீ அந்தப் பெடியன்ர முழங்கையைத் தூரத்தில நிண்டே பிடிச்சனி. என்ர தோளையும் ஒருக்காப் பார். வேண்டாமெண்டு நீ சொன்னா, திங்கக்கிழமை போன் பண்ணித் திகதியை விட்டிடுவன்."

"ஏன் அண்ணை, டொக்டர் சொன்னா—"

"டொக்டருக்கு நான் ஒரு எக்ஸ்ரே படம். உனக்கு என்னைத் தெரியும்."

யோசிச்சுச் சொல்லுறன் என்று சொல்லிவிட்டு காரில் ஏறினேன். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போக வேண்டியவன், நெஞ்சடிப்பில் மேற்கே ஏறி, அரைவாசி நகரத்தைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனேன். அந்த மனிதர் ஒரு கற்பனை விளையாட்டில் நான் சொன்ன கற்பனையை நம்பி, உண்மையான தோளை விடப் போகிறார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீங்கள் லிஃப்ட் கொம்பனியில வேலை செய்யிறனீங்கள். ஆஸ்பத்திரியில இல்லை. போய்ச் சொல்லுங்கோ."

"போனில எழுதட்டே?"

"போய்ச் சொல்லுங்கோ எண்டனான்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே போய் இருந்தால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் வாய் வேறு பக்கம் போய்விடும். முழங்கை மடிந்தது பொய் என்றேன். முதல் கையில் அவனை எடுக்கத்தான் சொன்னேன் என்றேன். பிறகு உண்மையாகவே உடைந்தது என் கெட்ட காலம் என்றேன். பகிடி ஒன்று தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அண்ணை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். வலிக்கும் கையால்தான் பிடித்திருந்தார்.

"அப்ப அவன்ர கை?"

"நல்ல கை அண்ணை. வடிவான கை. நீங்கள் சொன்ன மாதிரித்தான், தோளால போட்டவன்."

"நான் ரண்டு வருசம் வச்சிருந்த பெடியன்" என்றார். பிறகு, "எல்லாருக்கும் முன்னால உன்னைப் புகழ்ந்து புளுகினன்" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருக்கலாம்.

அவர் திகதியை விடவில்லை. ஜூலையில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரை மகள் கூட்டிக்கொண்டு போனார், என்னைக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் கோப்பிக் கடைக்குப் போய்த் தனியாக இருந்தேன்.

ஓகஸ்ட்டில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் விளையாட்டில் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பிச்சரை, கை முறிந்தவனென்றாலும், அண்ணைக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன? வருகிற வருடங்களுக்கு அவரே வைத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு, மைதானத்துக்கே வராமல் வாங்கில் பலகையில் குந்தியிருக்கும் அந்த மூன்றாவது பேஸ் கிழவனைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து அண்ணை போனில் சம்மதப் பொத்தானை அழுத்தினார்.

ஆனால் மாற்றம் நியாயமா என்று மற்ற எட்டுப் பேரும் பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் குழு பற்றி எரிந்தது.

"உதென்ன கள்ள வேலை? சும்மா தூக்கிக் குடுக்கிறாய்."

"ரண்டு பேரும் சேர்ந்து விளையாடுறியள்."

"அண்ணை, உங்களிட்ட இதை எதிர்பார்க்கேல்லை."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நேர்மையான கொடுக்கல் வாங்கலுக்குக் கள்ளம் என்று தீர்ப்பு. அது எனக்கு என்றால் பரவாயில்லை. கடைசி வரி அண்ணைக்கு. ஒரு தவறும் செய்யாத மனிதர், ஒரு கை கட்டுக்குள் இருக்க, மற்றக் கையால் அதை வாசித்திருப்பார். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வரி போதும், அதை அவர் எழுதவில்லை.

நான் வேலைத்தல மலசலகூடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதினேன். மார்ச்சில் முழங்கை என்று சொன்னது பொய், அவனை நானே எடுப்பதற்காகச் சொன்ன பொய், அண்ணைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, இது மாற்றம் இல்லை, திருப்பிக் கொடுப்பது. அனுப்பும்போது விரல் தவறி, ஒரு வாழைப்பழப் படமும் சேர்ந்து போய்விட்டது. அதற்குக் கருத்து ஒன்றும் இல்லை என்று அடுத்த செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

அரை மணித்தியாலம் நான் வெளியே வரவில்லை. பிறகு கராத்தேக்காரர் கேட்டார்: "அப்ப என்ர மகன்ர இடுப்பு?" அதற்குப் பிறகு எல்லாரும் தொடங்கினார்கள். அவர்கள் எழுதியதில் பாதியை இங்கே அச்சிட முடியாது. மாற்றத்தை மட்டும் தடுக்காமல் விட்டுவிட்டார்கள். கடைசியாக அண்ணை எழுதினார்: "உவனுக்கு லிஃப்ட்தான் தெரியும்." அவ்வளவுதான். அது மன்னிப்பா இல்லையா என்று நான் பல நாள் மதிப்பிட்டுப் பார்த்தேன். என் மதிப்பீட்டின் தரம் உங்களுக்கே தெரியும்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை அண்ணை கோப்பிக் கடைக்கு வந்தார். முன்போல என் எதிரே இருக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தார். குடித்து முடிந்ததும் வெளியே போனார். நானும் பின்னால் போனேன். கார்களுக்கு நடுவே நின்று கையை மெதுவாகத் தூக்கினார். காதைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போய் நின்றது.

"எப்பிடி?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியாது அண்ணை."

"ம்" என்றார்.

உண்மையைச் சொன்னால், முழங்கை ஒரு சொட்டு மடிந்திருந்தது போல எனக்குப் பட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு பேருக்கும் இன்னொரு கோப்பி வாங்க உள்ளே போனேன்.