பிரஷ் துடைத்த கதவு

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டராக இருந்தார் அவர். லாரிகளுக்குத் தாமரையும் மயிலும் வரைந்து முடித்த பிறகு, மிச்சமான பெயின்ட்டில் தனக்காக அரூப ஓவியம் வரைவார். அதில் தாமரையும் இருக்காது, மயிலும் இருக்காது, வெறும் நிறங்கள்தான். அவர் புருவத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் காய்ந்து ஒட்டியிருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒரு தீற்று தீற்றுவார். உடனே திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, பட்டறைக் கதவில் பிரஷைத் துடைப்பார்.

என் பழைய வேனுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கப் போனபோது அந்தக் கதவைப் பார்த்தேன். துணியில் இருந்த ஓவியம் யோசித்து யோசித்து இறுகிப்போயிருந்தது. கதவிலோ நிறங்கள் தம் இஷ்டத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“உங்க படத்துலயே இந்தக் கதவுதாங்க அருமை” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். “ஏனுங்க, அது பிரஷ் தொடைச்சதுங்க. நான் வரையவே இல்லீங்களே!” கதவை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல வெகுநேரம் நின்றார்.

அடுத்த வாரம் வேனை எடுக்கப் போனேன். அவர் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்து, மெல்ல மெல்லப் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு பாழாகியிருந்தது.

“நீங்க சொன்னதுல இருந்து, தொடைக்கறதுக்குக்கூடக் கை வரமாட்டீங்குதுங்க” என்றார் பாவமாக.

சலிப்போடு விரல்களைத் தோளில் கிடந்த துண்டில் தேய்த்தார். பல நாள் தேய்த்துத் தேய்த்து, அந்தத் துண்டு அற்புதமாக இருந்தது. நான் சாவியை வாங்கிக்கொண்டு, வாயே திறக்காமல் கிளம்பினேன்.