சனிக்கிழமைப் பாடு

நான் மதராசில் படித்தது எங்கள் ஊர்க் கரைவலைக் காசில். கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவிலிருந்து கரையோரமாக நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும் சின்ன வேதக்கார ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. சம்மாட்டியாரின் வலையில் கயிறு இழுக்கும் முப்பது பேரில் அவர் ஒருவர். வலைக்குச் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டியார் என்போம். பிடிபட்டதில் பாதி சம்மாட்டியாருக்கு, மீதியை இழுத்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கில்தான் நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம்: அப்பா, அம்மா, அக்கா, நான்.

கோயில் பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரனாக இருந்ததால், மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் பாதிரியாரான சுவாமி என்னைக் கொழும்பில் ஒரு போடிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அங்கே படிப்புக்குச் சம்பளம் கட்டவேண்டியதில்லை. மெட்ரிக்குலேசன் பாஸ் பண்ணியதும் சுவாமி மதராசில் தனக்குத் தெரிந்த தனியார் கல்லூரி ஒன்றுக்கு எழுதினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். பாதிச் சம்பளத்தைத் தள்ளித் தருகிறோம் என்று பதில் வந்தது. பூசை முடிந்து கோயில் விறாந்தையில் நின்று சுவாமி அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பாதியைத் தள்ளினாலும் மிச்சப் பாதிக்கு நான் எங்க போவன் சுவாமி? சாப்பாடு, உடுப்பு, ரயில், கப்பல்... அதெல்லாம் எங்களுக்கு எட்டாது."

பக்கத்தில் நின்ற சம்மாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமாகக் கதைக்கும் மனிதர். அன்று மெதுவாகத்தான் சொன்னார்.

"சனிக்கிழமைக் கடைசிப் பாட்டை இவனுக்கு விடுவம்."

ஒருமுறை வலை வளைத்து இழுத்தால் அது ஒரு பாடு. சனிக்கிழமைகளில் மூன்று பாடு இழுப்பார்கள். மூன்றாவதில் சம்மாட்டியாருக்கும் பங்கில்லை, இழுத்தவர்களுக்கும் பங்கில்லை. எல்லாம் என் படிப்புக்கு. அன்று பின்னேரம் கரையில் வலை வைக்கும் வாடியில் கூடி, முப்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் ஒரு கடதாசியை நீட்டினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பெருவிரலை வைத்துவிட்டு வருகிற ஆட்கள் அவர்கள். இங்கிலீசில் கதைக்கத் தங்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "நல்லாப் படிங்கோ தம்பி," என்று மட்டும் சொன்னார்கள். அதுவரை என்னை டேய் என்று கூப்பிட்டவர்கள்.

அந்தப் பாட்டு மீனை அக்கா பொறுப்பெடுத்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போகவில்லை. வாய் கொஞ்சம் பெரிது, ஊரில் அவளோடு சண்டை பிடித்து வென்றவர்கள் குறைவு. பச்சை மீனாக விற்றால் நட்டம் என்று அவளே முடிவெடுத்து, வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்துக் கட்டிவைத்தாள். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை போட ஏலாது. மீனுக்குத் தட்டுப்பாடு வந்து கருவாட்டுக்கு விலை ஏறும்போது, புத்தளத்திலிருந்து தோணியில் வரும் முதலாளிக்கு விற்பாள். அவர் குறைத்துக் கேட்டால், "இது படிப்பு மீன் முதலாளி. குறைச்சுத் தந்தா என்ர தம்பி அரைவாசிப் பாடந்தான் படிப்பான்," என்பாள். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவாராம். உப்பில் அவளுடைய விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். இரண்டு கையிலும் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பாள்.

சுவாமி என் மதராஸ் விலாசத்தை இங்கிலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துப் படம் கீறுவதுபோல அவள் கீறப் பழகிவிட்டாள். உள்ளே இருக்கும் கடிதத்தை, சுவாமி இல்லாத நாட்களில் கோயிலைப் பார்க்கும் உபதேசியார் தமிழில் எழுதுவார். உறையின் மேல் விலாசம் மட்டும் அவள் கை. எஸ் எழுத்து எப்போதும் மறுபக்கம் திரும்பியிருக்கும்.

கல்லூரியில் நான் கெட்டிக்காரனாக இருக்கவில்லை. கொழும்பில் முதலாவதாக வந்தவனுக்கு அங்கே பின்வாங்கில்தான் இடம். பௌதிகம் எனக்கு ஏறவில்லை. மற்றப் பிள்ளைகள் வீட்டில் வாத்தியார் வைத்துப் படித்தார்கள். எனக்குப் புத்தகம் வாங்கவே காசு போதவில்லை. அதைக் காரணமாகச் சொல்ல நான் வரவில்லை. என்னைவிட ஏழைகள் இரண்டு பேர் பாஸ் பண்ணினார்கள்.

இரண்டாம் வருச முடிவில் இன்டர்மீடியட் சோதனை எழுதிவிட்டு விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். முடிவு தபாலில் வந்தது. முற்றத்தில் நின்று உடைத்தேன். பௌதிகத்தில் தவறியிருந்தேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். அக்கா கருவாட்டுப் பாயை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

அந்த ஊரில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சுவாமி வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்," என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. திரும்பி வாடிப் பக்கம் ஓடினாள். சோளகம் தொடங்கி வலைகளைக் கரையேற்றி, எல்லோரும் அங்கே இருந்து கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்கள். "பாஸாம்! பாஸாம்!" என்று அவள் கத்துவது வீடு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சம்மாட்டியாரே வந்து என் கையைப் பிடித்தார். "இனி பட்டம் எடுக்குமட்டும் சனிக்கிழமைப் பாடு உங்களுக்குத்தான் தம்பி," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதலாம், எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால் சொன்னது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவாமி வருமுன் மதராசுக்குத் திரும்பினேன். தவறியவனுக்குக் கல்லூரி போடிங்கில் இடமில்லை. ஒரு சந்தில் அறை எடுத்துத் தங்கிப் படித்தேன். செப்டம்பரில் எழுதினேன். அதிலும் தவறினேன். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பி.ஏ. வகுப்பைப் பற்றிக் கடிதம் எழுதினேன். நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பேராசிரியர் என்னை மெச்சினார் என்றுகூட எழுதினேன். ஒவ்வொரு கடிதத்தையும் அக்கா உபதேசியாரிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் உபதேசியாரின் எழுத்து. அக்கா கீறும் திரும்பிய எஸ் அதில் இல்லை. அக்கா காய்ச்சலில் மோசம் போய்விட்டாள், அடக்கம் முடிந்தது, நீர் படிப்பைக் குழப்பிக்கொண்டு வரவேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார் என்று எழுதியிருந்தது.

நான் வந்தேன். ரயில், கப்பல், மறுபடி ரயில், பிறகு புத்தளத்துக் கடல்நீர்க் களப்பைக் கடக்கத் தோணி. வீட்டு முற்றத்தில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதழுது சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் கற்பிட்டி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி பார்த்துவிட்டு, "இங்க வைச்சிருக்காதீங்க. புத்தளத்துக்குத் தோணியில கொண்டுபோய், அங்கயிருந்து கார் பிடிச்சுக் கொழும்புக்குப் போங்க," என்றாராம். அப்பாவின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. கருவாடு விற்ற காசு ஒரு தகரப் பெட்டியில் அக்காவின் தலைமாட்டில் இருந்தது. அப்பா அதை எடுக்கப் போனபோது அவள் எழும்பி இருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாளாம்.

"இது தம்பியின்ர மூண்டாம் வருசம். இதைத் தொட்டா நான் கஞ்சி குடிக்கமாட்டன்."

"பிள்ளை, பிறகு சேர்க்கலாம்," என்றாராம் அப்பா.

"ஆர் சேர்க்கிறது? நானெல்லோ சேர்த்தனான். ரெண்டு நாள் பாப்பம், காய்ச்சல் விட்டிடும்."

அவளோடு வாதாடி யாரும் வென்றதில்லை. அதற்கு மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியபோதுதான் அப்பா பெட்டியை எடுத்தார். தோணி களப்பில் பாதி வழி போகுமுன் அவள் போய்விட்டாள்.

அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ படிக்கிறாய் எண்ட சந்தோசத்தோடதான் போனாள் மகன்," என்றார்.

மூன்றாம் வருசம் என்று ஒன்று இருக்கவேயில்லை. அதற்காகத்தான் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை கரையில் அப்பா தனியாகக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, நான் பாஸ் பண்ணேல்ல."

"எதில?"

"போன வருசம் வந்த கடிதத்தில. பொய் சொன்னனான். இப்ப ஒரு கல்லூரியிலயும் நான் இல்லை."

அவருடைய கை நிற்கவில்லை. கயிறு முழுவதையும் சுற்றி முடித்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்குச் சொல்லாத," என்றார். பிறகு, "ஆருக்கும் சொல்லாத. அந்தாக்கள் ரெண்டரை வருசம் இழுத்தவங்கள். நான் அவங்கட முகத்தில முழிக்க வேணும்."

ஞாயிறு பூசைக்குப் பிறகு அப்பா சம்மாட்டியாரிடம் போனார். நானும் பின்னால் நின்றேன். என் அப்பா பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"வெள்ளைக்காரனுக்குச் சண்டை வரப்போகுதாம். கப்பலும் ஓடாதாம். இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இனி அனுப்பேல்ல."

சம்மாட்டியார் அப்பாவின் தோளில் கை வைத்தார். "சரிதான். ஒரு பிள்ளையைக் குடுத்தது போதும்."

அந்தச் சனிக்கிழமைக் கடைசிப் பாட்டை அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு விட்டார்கள். நானும் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன். முன்னால் நின்றவர் திரும்பி, "விடுங்கோ தம்பி, கை கிழியும். இது உங்கட வேலையில்லை," என்றார். நான் விடவில்லை. கை கிழிந்தது.

அந்த வருசமே சண்டையும் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் அப்பாவின் முன்யோசனையைப் புகழ்ந்தார்கள். அவர் எழுந்து போய்விடுவார். எனக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. முப்பது பேரின் கடதாசிகளையும் நான்தான் வாசித்துச் சொன்னேன், கச்சேரிக்கும் கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் நன்றி சொன்னார்கள்.

அப்பா மோசம் போய் இரண்டு வருசத்துக்குப் பிறகு, புதிதாக வந்த சுவாமி அம்மாவிடம் கதையோடு கதையாக, "உங்கட மகன் இன்டர் பாஸ் பண்ணியிருந்தா இன்னும் கூடச் சம்பளம் கிடைக்கும்," என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தார். நான் பாதி சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா உயிரோட இருக்கேக்க உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. "ஓம்," என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார், மீன் துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார். சாகும்வரை எனக்குச் சமைத்தார், வேட்டி தோய்த்தார், எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போட்டார். ஆனால் அன்றிலிருந்து என்னை மகன் என்று கூப்பிடவில்லை. ஊரார் கூப்பிடுவதுபோல 'மாஸ்டர்' என்றார்.