தலையில் வைத்த பாய்

பருத்தித்துறை வீதியில் விறுவிறென்று நடந்துகொண்டிருந்தேன். கிணற்றடியில் கழுவியும் கையில் என் பழைய விடுதி மாஸ்டரின் மூத்திர நெடி போகவில்லை. சிறுவயதில் நான் இருந்த மிஷன் பள்ளி விடுதியிலும் இதே நெடிதான். அந்த விடுதி சண்டையில் இடிந்து, இப்போது பற்றை மண்டிக் கிடக்கிறது. ஆனால் விடுதிக் கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலியும், இரவில் பாயை நனைத்த நான் தண்டனையாக அதே ஈரப் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக் காலைச் செபத்தில் நிற்பதும், அது கழுத்துவழியே சொட்டுவதும், அந்த மாஸ்டர் தினமும் "என்ன தம்பி, ராத்திரி உன்ரை பாயிலை மட்டும் மழையோ?" என்று கேட்க மற்றப் பெடியன்கள் சிரிப்பதும் ஊர் ஊராக என்னோடு வந்தன. பிறரை மன்னிக்கிறோம் என்ற வரி செபத்தில் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு ஓடிப்போன பிறகும் அதைச் சொன்னதில்லை. தலையில் சுமக்கும் வேலைக்கும் போனதில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கத்தான் அன்று அவர் வீட்டுக்குப் போனேன். எழும்ப முடியாமல் கிடந்தார், விரிப்பு நனைந்திருந்தது.

"என்ன மாஸ்டர், மழையோ?"

கேட்டதுமே என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"ஓம் தம்பி. உந்த விரிப்பை எடுத்து என்ரை தலையிலை வை. பிறகு ஏலுமெண்டா என்னை மன்னி."

வைக்கத்தான் விரிப்பை உருவினேன். அவர் தலைப்பக்கம் கை போகவில்லை. அதை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, கட்டிலடியில் நின்று அந்த வரியையும் சேர்த்துச் செபத்தை முழுக்கச் சொன்னேன். கோபம் மிச்சமிருந்தது. விடைபெறாமலே வெளியேறினேன்.

அடுத்த நாள் விடிய, பருத்தித்துறை மீன்சந்தையில் தலையில் கூடை சுமக்கச் சேர்ந்தேன். மீன்தண்ணீர் கழுத்துவழியே சொட்டியது, துடைக்காமல் நடந்தேன்.