தீக்காயத்துக்கு மட்டும்

அந்த ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் நாள் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் வரும் ஒரு சிற்றூருக்கு நான் கிராம சுகாதார செவிலியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்வாடிக் கூடத்தில் மகளிர் குழு கூடும். ஏறக்குறைய எல்லோருக்கும் பட்டாசு ஆலையில்தான் வேலை. எத்தனை கழுவினாலும் போகாத மருந்துப் பூச்சு அவர்கள் நகக்கண்களில் வெள்ளியாக மின்னும். அன்று தீக்காய முதலுதவி பற்றிப் பேசப் போனேன். பேனா மை, பற்பசை, தோசை மாவு எதையும் தடவாதீர்கள், இருபது நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள் என்று பயிற்சியில் படித்ததை ஒப்பித்தேன். முன்னால் இருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கூடமே சிரித்தது. எட்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊர் அது. எனக்கும் தெரிந்ததுதான், பேசும்போது தோன்றவில்லை.

சிரிக்காமல் இருந்தவர் குழுவின் தலைவி. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘தலைவி அக்கா’. எனக்கும் அப்படியே ஆனார். நாற்பது வயது இருக்கும். பாக்கெட் போடும் பகுதியில் வேலை. குரல் உயராது, ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். அன்று ஒன்றே ஒன்று கேட்டார். “உப்புத் தண்ணி ஆகுமா நர்சம்மா, நல்ல தண்ணிதான் ஊத்தணுமா?” சுத்தமான தண்ணீராக இருந்தால் போதும் என்றேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது தெருமுனையில், வேப்ப மர நிழலில், மூடி போட்ட நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நின்றது. மேலே சிவப்புப் பெயின்டில் ‘தீக்காயத்துக்கு மட்டும்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. குழாய் வரும் நாளில் குழுவில் ஒவ்வொரு வீடும் ஒரு குடம் ஊற்ற வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். கொசு உற்பத்தியாகும், தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதுதான் என் உத்தியோகம் என்று நான் தயங்கினேன். அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வொரு குழாய் நாளிலும் பழைய தண்ணீரை முறை வைத்து ஒரு வீடு துணி துவைக்க எடுத்துக்கொள்ளும். டிரம்மைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பூட்டு இல்லை, காவல் இல்லை. முகம் கழுவத் தண்ணீர் இல்லாத நாளிலும் அந்த டிரம்மைத் தாண்டி நடக்க வேண்டும். இதன் கஷ்டம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆடி மாதத்தில் ஒருமுறை குழாய் உடைந்து பதினைந்து நாள் தண்ணீர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, கோவில்பட்டிப் பக்கம் இருந்த அக்காவின் அண்ணன் குடும்பத்தோடு இருக்கன்குடி கோவிலுக்குப் போய்விட்டு, தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர்களுக்குக் கை கால் கழுவக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை. அக்காவின் கணவர் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடுமேன், பேச்சு குறைந்த மனிதர். மைத்துனர் முன் கூசிப்போய் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டுவந்துவிட்டார். மாலையில் கம்பெனி வேனில் வந்து இறங்கிய அக்கா விஷயம் தெரிந்ததும் நேரே உள்ளே போனார். அடுப்பங்கரையில் இருந்த அந்தக் குடத்தை, மீதி இருந்த தண்ணீரோடு, அண்ணன் பார்க்கப் பார்க்கத் தூக்கிக்கொண்டு போய் டிரம்மில் ஊற்றினார். சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தும் அண்ணன் உட்காரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அந்த வாரம் அக்கா கூட்டத்துக்கு வீங்கிய கண்ணோடு வந்தார். எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். முன்பு ஆலையில் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த தோழி தீயில் வெந்துபோனாளாம். “கையைப் பிடிச்சு மை தடவுனதே நான்தான் நர்சம்மா. நல்லதுன்னு நெனச்சுத் தடவுனேன்.” சுருட்டிய பாயை மூலையில் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு புதன்கிழமை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் படபடவென்று வெடிச் சத்தம். அங்கே ஒரு வீட்டில் பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டிருந்த மருமகள் மேல் தீப்பிடித்துவிட்டது என்று கத்திக்கொண்டே ஒருவர் ஓடிவந்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் டிரம்மின் அருகே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்து தோல் சுருண்டிருந்தன. கண்ணாடி வளையல்களை யாரோ உடைத்து எடுத்திருந்தார்கள். அக்காவின் கணவர் குனிந்து நின்று செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகுப் பிடிப்பினால் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர் அவர். மாவுச் சட்டியோடு வந்த மாமியாரைப் பெண்கள் அணைத்துப் பிடித்திருந்தார்கள். அக்காவின் கணவர் நிமிராமலே கேட்டார். “இருபது நிமிசம் ஆச்சா நர்சம்மா?” கடிகாரத்தைப் பார்த்தேன். யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று கேட்டுக் கணக்கிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்றேன். டிரம்மின் அடியில் செம்பு உரசும் சத்தம் கேட்கும் வரை ஊற்றினார். நான் போதும் என்றதும் வெளுத்த வேட்டியால் கைகளை மூடி, ஆட்டோவில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் ஊற்றியது நல்லதாய்ப் போயிற்று என்று டாக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா வேனிலிருந்து இறங்கி, காலி டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் போனார். “எம்புட்டு நேரம் ஊத்துனீக?” “நர்சம்மா போதும்னு சொல்ற வரைக்கும்.” அக்கா அவர் பக்கத்திலேயே, புழுதியில், தோள் உரச உட்கார்ந்துகொண்டார். தெருவில் அப்படி அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குழாய் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை அக்கா வேனுக்குக் கிளம்பி வரும்போது டிரம்மில் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. குழுவில் இல்லாத வீடுகளும் குடிக்க வைத்திருந்ததில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றியிருந்தன. யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்த மருமகளை இப்போதும் எப்போதாவது பஸ்ஸில் பார்ப்பேன். கைகளில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து விரலும் மடங்குகின்றன. சரம் பின்னுவதை விட்டுவிட்டுத் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். எனக்கு டிக்கெட் எடுத்துத் தராமல் விடமாட்டாள்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் பால்வாடிக்கு வந்தார்கள். தங்கள் ஊரில் தீப்பெட்டி வேலை, அங்கேயும் டிரம் வைக்க வேண்டும், எப்படி என்று கேட்க வந்ததாகச் சொன்னார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் அக்காவின் அண்ணி. இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணன் வரலையா மதினி?”

“வந்திருக்காக. பஸ் ஸ்டாப்புல நிக்காக. உள்ள வரமாட்டேங்காக.”

அக்கா செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கி நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அண்ணன் யாரையும் பார்க்காமல், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்களுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“டிரம்ம எங்கன வைக்கணும்ங்கிறத மொதல்ல சொல்றேன்” என்று ஆரம்பித்தார்.