என் மகளையே கடத்தியவன்

போன புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில், என் மகளைப் பிள்ளை பிடிக்கிற கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று முழு மனதோடு நம்பினேன். கோயிலை விட்டு வந்து செருப்பு எடுக்கப் போய்த் திரும்பினால், நிறுத்திய இடத்தில் ஆள் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. ஆபீசில் எல்லோரையும் கலாய்க்கிற நான், ராஜகோபுரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அழுதுகொண்டே ஒரு காரியம் செய்தேன். மகளின் போட்டோ, என் போன் நம்பர், ‘குழந்தையைக் காணவில்லை, எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். தலையை நிமிர்த்தினால், எதிரே போலீஸ் உதவி மையத்தில் ஒரு பெண் காவலரின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“கூட்டம் தள்ளிடுச்சு. தொலைஞ்சா லேடி போலீஸ்கிட்ட போன்னு நீதானப்பா சொன்ன” என்றாள்.

சொல்லிக் கொடுத்தது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் பயந்தவன் அதோடு விடுவானா? வீட்டுக்கு வந்து பாடத்தை இன்னும் இறுக்கினேன். போலீஸைத் தவிர, தெரியாதவர்கள் என்ன கேட்டாலும், நான் பக்கத்திலேயே இருந்தாலும், வாயைத் திறக்கக் கூடாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை வேறு.

தை மாதம் லால்குடியில் ஒரு கல்யாணம். மனைவி முதல் நாளே போய்விட்டாள். நானும் மகளும் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி மகளைப் பார்ப்பதும் தன் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு சத்தமாகவே கேட்டார்.

“ஏங்க, இந்தப் புள்ள யாரு?”

“என் பொண்ணுங்க.”

“பாப்பா, இவரு உன் அப்பாவா?”

மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். “சொல்லும்மா” என்று கெஞ்சினேன். ஒத்திகையில் இப்படி எத்தனையோ தடவை அவளை ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். அவள் அசையவில்லை.

“மிரட்டி வச்சிருக்கான் பாருங்க” என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான்கு பேர் வீடியோ எடுத்தார்கள். அந்தம்மா போனில் இருந்த ‘குழந்தையைக் காணவில்லை’ செய்தியை அனுப்பியதே நான்தான் என்று கத்தினேன். யார் கேட்டது? நாலு மாதப் பழைய செய்தி என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் நான் தேதி போடாதது வேறு விஷயம்.

“அந்த அப்பா நம்பர் இதுல இருக்கு, போட்டுப் பாருங்க” என்றார் ஒரு புத்திசாலி. போட்டார்கள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“அடப்பாவி, அந்த மனுஷன் போனையும் அடிச்சிருக்கானே” என்றார் காலரைப் பிடித்தவர். முதல் அறை விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், மகளைக் காணோம். அடி மறந்து போனது. “புள்ளய விட்டுட்டீங்களேய்யா” என்று நான் அலற, கூட்டமும் என்னோடு சேர்ந்து திருதிருவென்று விழித்தது.

அவள் ஒரு பெண் காவலரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “எங்கப்பாவ அடிக்கிறாங்க மேடம்.” அம்மாவின் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னாள். காவலர் ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்க வீட்டுக்காரர்தாங்க மேடம். என்ன பண்ணித் தொலைச்சாரு?” என்றாள் என் மனைவி.

“புள்ள போட்டோவ நம்பரோட ஊருக்கெல்லாம் அனுப்பச் சொன்னது யாரு சார்?” என்று காவலர் என்னைத்தான் திட்டினார். அடித்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நல்லதுக்குத்தானே பண்ணோம்” என்று சொல்லிவிட்டு அவர் அதே லால்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றுகொண்டே போனோம்.

நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் இரண்டு தடவையும் சரியாகச் செய்தாள். புரட்டாசியில் அவள் கிடைத்த கையோடு, ‘குழந்தை கிடைத்துவிட்டாள், இனி யாரும் அனுப்ப வேண்டாம்’ என்றும் எழுதி அனுப்பியிருந்தேன். முதல் செய்தி துறையூர் போய், சிங்கப்பூர் போய், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது செய்தியை எங்கள் குடும்ப குரூப்பைத் தாண்டி ஒருவரும் அனுப்பவில்லை.