விற்பனைக்கு ஒரு மாட்டு மணி

ஆர்லிஸ் வாவ்ரா எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பது ப்ளம் க்ரீக் ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்புகிறார்கள். கணவர் ஜீனுக்குக்கூடத் தெரியாது. ஒரு தேர்தல் நாளில் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"ரகசிய ஓட்டுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருந்தாங்களே, படிக்கலையா நீ?" என்றாராம் ஆர்லிஸ்.

ஜீன் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துகிறவர். செய்தி வாசிப்பவரிடம் வாதாடுவார், தோற்பார், மறுபடியும் வாதாடுவார். ஒரு நாள் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் தொலைக்காட்சி இல்லை. அது டிராக்டர் நிற்கும் கொட்டகையில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் இருந்தது. "கத்தணும்னா டிராக்டரப் பாத்துக் கத்து. அதுக்கு ரத்தக் கொதிப்பு வராது" என்றார் ஆர்லிஸ். அன்றிலிருந்து ஜீன் குளிர்காலத்திலும் கோட்டு மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்த்தான் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்கிறார்.

ஆர்லிஸ் முதலில் வேலை பார்த்தது தானியக் கிடங்கின் எடைமேடையில். சோளம் ஏற்றி வரும் லாரிகளை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கடைசி லாரிக்கும் கேட்கும் குரல், ஆனால் யாரையும் விரட்டுவது போல் இருக்காது. ஊர் வானொலி நிலையத்தை நடத்திய ஸ்டான் கோவார் ஒரு நாள் தன் லாரியோடு வரிசையில் நின்று அந்தக் குரலைக் கேட்டார். நிலையத்தின் அறிவிப்பாளர் பனி உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்த நேரம் அது. "ஒரு வாரத்துக்கு வந்து பேசிட்டுப் போம்மா" என்றார். அந்த வாரம் இருபத்தாறு வருடமாக நீண்டுவிட்டது.

அவர் நடத்துவது காலை ஒன்பது மணி 'கொடுக்கல் வாங்கல்' நிகழ்ச்சி. வேண்டாததை விற்க நினைப்பவரும் வேண்டியதைத் தேடுபவரும் நிலையத்துக்குப் போன் செய்வார்கள். பொருள், விலை, போன் நம்பர், அவ்வளவுதான். துப்பாக்கி விற்கக் கூடாது. கட்சி பேசக் கூடாது. பேசினால் ஆர்லிஸ் மேசை மேலிருக்கும் மாட்டு மணியை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார். அவருடைய அப்பாவின் கடைசிப் பசுவின் கழுத்தில் கட்டியிருந்த மணி அது. நான் அதே நிலையத்தில் செய்தி வாசிக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ காலைகளில் அதைக் கேட்டிருக்கிறேன்.

"தொட்டில் ஒண்ணு. ஒரே குழந்தைதான் படுத்தது. அதுவும் தூங்கவே இல்ல, அதனால புதுசு மாதிரி இருக்கும்."

"கல்யாண கவுன். ஒரு தடவகூட உடுத்தல. கேள்வி எதுவும் கேக்காதீங்க."

"பிக்கப் வண்டி. பின்னாடி எங்க தலைவர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் போன் பண்ண..."

டாங்.

கடந்த சில வருடங்களில் மணிக்கு வேலை அதிகமானது. ஊர் இரண்டாகிவிட்டது. டாட்டியின் காப்பிக்கடையில் தொலைக்காட்சி ரிமோட்டுக்காக நடந்த சண்டை முற்றி, அவர் இரண்டாவது பெட்டியும் வாங்கி மாட்டினார். இப்போது கிழக்குச் சுவரில் ஒரு சேனல் கத்துகிறது, மேற்குச் சுவரில் இன்னொன்று கத்துகிறது. அவரவர் சேனலுக்குக் கீழே அவரவர் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவாலயத்தில் சில்லி சூப்பும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரோலும் போடும் இரவிலும் கூடத்தின் நடுமேசைகள் காலியாகவே கிடக்கின்றன.

மெர்ல் ஹோலுப்பும் அவருடைய அக்கா கானியும் பேச்சை நிறுத்தியது ஒரு நன்றித்திருநாள் விருந்தில். வான்கோழியில் கத்தி படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மெர்ல் தன் சேனலில் கேட்ட ஒரு வாக்கியத்தைச் சொன்னார். கானி தன் சேனலில் கேட்ட ஒரு வாக்கியத்தால் பதில் சொன்னார். கதவை அறைந்துகொண்டு மெர்ல் வெளியேறும்வரை இருவரும் ஒரு சொல்லைக்கூடச் சொந்தமாகப் பேசவில்லை. ஒரே மண்பாதையின் இரு முனைகளில் வீடு. மூன்று வருடமாகப் பாதை மட்டும்தான் இருவரையும் இணைக்கிறது.

ஆனால் ஒன்பது மணிக்கு இருவர் வீட்டிலும் ஒரே ரேடியோ. கானி தக்காளி நாற்று விற்றால், அக்கா இந்த வருஷமும் குனிந்து நட்டிருக்கிறாள் என்று தம்பிக்குத் தெரியும். மெர்ல் "ஏணி இருக்கு, ஏறத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்" என்றால், அவனுக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது என்று அக்காவுக்குத் தெரியும்.

ஸ்டான் இறந்ததும் அரிசோனாவில் இருந்த அவருடைய பிள்ளைகள் நிலையத்தை எங்கோ தொலைவிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். முதலில் மாறியது என் செய்தி. கம்பெனியிலிருந்து தயாராக வரும், ஒவ்வொரு வாக்கியமும் ஏற்கனவே கோபத்தோடு வரும். நான் அதை ஆறவைத்து வாசிக்கப் பார்ப்பேன். அடுத்ததாக ஞாயிற்றுக்கிழமை வரும் போல்கா நடன இசை போனது. அதற்குப் பதில் யாரோ ஒரு நடிகை யாரோ ஒரு பாடகரை விட்டுப் பிரிந்த கதை அரைமணிக்கு ஒருதரம் வந்தது. சோளத்தின் விலை கேட்க ரேடியோவைத் திருகியவர்களுக்கு அந்த நடிகையின் நாய்க்குட்டி பெயர்தான் மனப்பாடம் ஆனது.

பிறகு ஒரு வியாழக்கிழமை கம்பெனி மேலாளர் பிரெண்ட் ஹாஸ்லம் வந்தார். புதுச் சட்டை, பளபளக்கும் ஷூ, நல்ல சிரிப்பு.

"ஒம்பது மணி பொன்னான நேரம்மா. அத நீங்க பழைய தொட்டில் விக்க வீணாக்கறீங்க. திங்கள்லருந்து அந்த நேரத்துல எங்க ஸ்டார் பேசுவார். உங்க பக்கத்து ஜனங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெளுத்து வாங்குவார்."

"எங்க பக்கத்து ஜனங்களுக்கு எது பிடிக்கும்னு யார் சொன்னா?" என்றார் ஆர்லிஸ்.

"மேப் இருக்கே! எந்த ஊர்ல எந்தக் கட்சி ஜாஸ்தின்னு பாத்து ஆள் அனுப்புவோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் நகரத்துல எதிர்க்கட்சிக்காரர் பேசறார். அவரும் எங்க ஆள்தான். ரெண்டு பேரும் ஒரே மாடில அடுத்தடுத்த ரூம்ல உக்காந்து கத்தறாங்க. மத்தியானம் சேந்துதான் சாப்பிடறாங்க."

"அப்ப சண்டை?"

"அது வீட்ல கேக்கறவங்களுக்கு."

அவர் இதை ஒளிக்கவில்லை. நல்ல வியாபாரத்தைச் சொல்லும் பெருமிதத்தோடுதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கடைசி நிகழ்ச்சி. விடைபெறுதல், அழுகை எதுவும் வேண்டாம். கம்பெனியப் பத்தி ஒரு வார்த்த வந்தாலும் நான் சுவிட்ச அணைச்சிடுவேன்."

"என் நிகழ்ச்சில சாமானத் தவிர வேற எதையும் பேசினதில்ல" என்றார் ஆர்லிஸ்.

மதியம் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சியை நிறுத்தக் கூடாது என்று ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மணி அடிச்சு ஊரையே அடக்கி வச்சிட்டு நான் புலம்பினா நல்லாவா இருக்கும்? என் வேலை போனாப் போகுது. லாரிய எடை போடத் திரும்பிப் போயிடுவேன். ஆனா இந்த ஒரு மணி நேரமும் போயிட்டா, இவங்க ஒருத்தர் குரல ஒருத்தர் கேக்க வேற எடமே இல்ல, கண்ணு."

வெள்ளிக்கிழமை பிரெண்ட் என் அருகிலேயே நின்றார், விரல் சுவிட்சின் மேல். ஒன்பது அடித்தது. ஆர்லிஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"காலை வணக்கம். இன்னிக்கு மொதல் சாமான் என்னோடது. மாட்டு மணி ஒண்ணு. பித்தளை. நாக்கு நல்லா இருக்கு. திங்கக்கிழமையிலருந்து எனக்குத் தேவப்படாது. விலை, நீங்க குடுக்கறது."

அவ்வளவுதான். அதன் பிறகு போன் அடிக்கவில்லை. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் இரண்டு போன் விளக்குகளும் அணைந்து கிடந்தன. ஆர்லிஸ் வானிலை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிரெண்ட் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஒரு விளக்கு எரிந்தது.

"மெர்ல் ஹோலுப் பேசறேன். ரேடியோ ஒண்ணு இருக்கு. மாட்டுத் தொழுவத்துல மாட்டினது. கொஞ்சம் சாணி அப்பியிருக்கும். பத்து டாலர்."

"நல்லா வேல செய்யுதா மெர்ல்?"

"பிரமாதமா வேல செய்யுது. திங்கள்லருந்து அதுக்குத்தான் வேல இல்ல."

பிரெண்ட் நிமிர்ந்தார். அதற்குள் இரண்டாவது விளக்கும் எரிந்தது.

"சமையலறை ரேடியோ. மஞ்சள் கலர். எங்க வீட்டுக்காரர் தவறினப்ப எனக்குத் துணையா இருந்தது. அஞ்சு டாலர்."

"பிக்கப் வண்டி ரேடியோ. வண்டிய விக்கல, ரேடியோவ மட்டும் பேத்துக் குடுத்துடறேன்."

"ரெண்டு ரேடியோ. ஒண்ணு என்னோடது, ஒண்ணு மாமியாரோடது. மாமியார் விலைக்கு இல்ல, ஆனா பேசலாம்."

விளக்குகள் அதன் பிறகு அணையவே இல்லை. கிழக்குச் சுவர்க்காரர்களும் கூப்பிட்டார்கள், மேற்குச் சுவர்க்காரர்களும் கூப்பிட்டார்கள். எனக்கு எல்லோர் குரலும் தெரியும். ஒருவரும் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை. டாட்டியும் கூப்பிட்டார்.

"கடை ரேடியோவ விக்கலாம்னு போன எடுத்தேன் ஆர்லிஸ். யோசிச்சுப் பாத்தா ரேடியோவால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. டிவி ரெண்டு இருக்கு, அத எடுத்துட்டுப் போங்க. கழட்டற கூலி நான் தரேன்."

பிரெண்ட் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அழைப்பில் அதுவும் போனது. ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் ஆல்வின் ட்ரோஸ்டா, எங்கள் நிலையத்தின் பழைய விளம்பரதாரர்.

"விளம்பர நேரம் விற்பனைக்கு. தினம் ஒரு தடவ, வருஷக் கடைசி வரைக்கும், உங்க ரேடியோவுலதான். என்கிட்ட வர்றவங்க ரேடியோ கேக்கறதில்ல ஆர்லிஸ். அவங்க பிள்ளைங்கதான் கேப்பாங்க. அவங்களே ரேடியோவ வித்துட்டா எனக்கு எதுக்கு?"

அவர் வைத்ததும் டயர் கடைக்காரர் தன்னுடைய விளம்பர நேரத்தை விற்றார். பின்னாலேயே தானியக் கூட்டுறவுச் சங்கம். அவர்களை விட்டால் நிலையத்துக்கு வருமானமே கிடையாது.

பிரெண்ட் தடுப்புக் கதவைத் திறந்தார். ஆர்லிஸ் மைக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது திட்டம் போட்டுச் செஞ்ச வேல!" என்றார் பிரெண்ட்.

"யாராவது கட்சி பேசினாங்களா? உங்க கம்பெனி பேரச் சொன்னாங்களா? பொருள், விலை, நம்பர். எந்த விதிய மீறினாங்கன்னு சொல்லு தம்பி, இப்பவே மணி அடிக்கறேன்."

பிரெண்ட் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் காற்று அவருடைய டையைத் தோளுக்கு மேல் தூக்கி அடிக்க, அவர் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

"கானி ஹோலுப் பேசறேன். அந்தச் சாணி ரேடியோ எனக்கு வேணும். ஆனா அஞ்சு டாலர்தான். அது ஒரே ஸ்டேஷன்தான் பிடிக்கும், முள்ளு துருப்பிடிச்சு நின்னுபோச்சு. எனக்குத் தெரியும்."

ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "அவர் நம்பர எழுதிக்கறீங்களா கானி?"

"வேண்டாம். அது எங்க அப்பா வாங்கின நம்பர்."

நிகழ்ச்சி முடிய இன்னும் சில நிமிடம் இருக்கும்போது பிரெண்ட் திரும்பி வந்தார். ஷூவில் மண். "இப்போதைக்கு ஓடட்டும்னு சொல்றாங்க" என்றார், தரையைப் பார்த்து. அவர்களுடைய ஸ்டாருக்கு விடிகாலை நான்கு மணி ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் இங்கே விழித்திருப்பவை பால் மாடுகள்தான். அவற்றுக்கு வாக்குரிமை கிடையாது.

ஆர்லிஸ் மைக்கைத் திறந்தார். "ஒரு சின்னத் திருத்தம். மாட்டு மணி விற்பனைக்கு இல்ல." மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தவர், முந்தின நாளிலிருந்து காகிதத்திலேயே இருந்த சாண்ட்விச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, டாட்டி கடைக்குப் போய்ப் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' இனிப்பில் இரண்டு பெரிய துண்டு சாப்பிட்டார். அவர் நுழைந்ததும் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் சேர்ந்து கைதட்டின. டிவிகள் ஏற்கனவே கழற்றப்பட்டு அடுப்பறை வாசலில் கிடந்தன.

ஊர் ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு வரும் செய்தி இன்னும் கோபமாகத்தான் வருகிறது. சந்தை விலையை முன்னால் வாசித்துவிடுகிறேன், அது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. ஜீன் இன்னும் டிராக்டரிடம்தான் கத்துகிறார்.

ஆனால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் விளக்கு எரிந்தது.

"மெர்ல் பேசறேன். ரேடியோ ஒண்ணு வேணும். அவசரம். இருந்தத வெள்ளிக்கிழமை வித்துத் தொலச்சிட்டேன். இப்ப வண்டில உக்காந்து கேட்டுட்டிருக்கேன், பேட்டரி இறங்குது."

அடுத்த விளக்கும் உடனே எரிந்தது. ஆர்லிஸ் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி இருவரையும் ஒன்றாகப் பேசவிட்டார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. சாணியெல்லாம் தொடச்சு வச்சிருக்கேன். இருபது டாலர்" என்றார் கானி.

"இருபதா! அஞ்சுக்கு வாங்கினதுதான!"

"துடைச்ச கூலி வேண்டாமாடா? அதோட வீட்டுக்கு வந்துதான் வாங்கிக்கணும். பட்டை ரோல் அடுப்புல இருக்கு, ஆறினா நல்லா இருக்காது."

வானொலியில் வண்டியை முடுக்கும் சத்தம் கேட்டது.

"வரேன். வராம என்ன. ஆனா ஒண்ணு சொல்றேன் ஆர்லிஸ், இவளோட கட்சிக்காரங்க எல்லாருமே இப்படித்தான் கொள்ளையடிக்க..."

டாங்.